செத்த பணம்

2025 மே மாதத்தில் ஒருநாள், மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டுவிட்டுக் கீழே வந்தபோது தங்கையின் கணவரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்திருந்தது. ஜிம் இர்சே காலமானார் என்று சொல்லும் ஆங்கிலத் துணுக்கு, அதன்கீழே, "அக்கா, ஞாபகம் இருக்கா?" என்று ஒற்றை வரி.

இந்தப் பெயரை இங்கே வாசிக்கும் நண்பர்களில் எத்தனைபேர் அறிந்திருப்பீர்களோ தெரியாது. நானும் அறிந்திருக்க நியாயமில்லை. தமிழ் இலக்கியம் கற்பிப்பவள். என் விளையாட்டறிவு பள்ளி நாட்களின் கோ-கோவோடு முடிந்துபோனது. கிரிக்கெட்டில் யார் எந்த அணி என்பதைக்கூட மாணவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன். ஆனால் அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி ஓர் ஆட்டக்காரரை எந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இருத்திக்கொள்கிறது, எந்தக் கணக்கை வைத்துக்கொண்டு விடுவிக்கிறது என்பதைப் பற்றி அரைமணி நேரம் தடையின்றிப் பேச முடியும். இந்த விநோத அறிவு வந்து சேர்ந்த கதையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறொன்றையும் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது. முடிகிறதா பார்க்கலாம்.

2012 ஜனவரியில் இண்டியானாபொலிஸ் நகரத்துக்குப் போனேன். தங்கைக்கு அது தலைப்பிரசவம். அம்மாவுக்கு இடுப்பு முடியாமல் போனதால் அவர் இடத்தில் நான். கல்லூரியில் அப்போது தொகுப்பூதியத்தில் இருந்தேன். மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு. பனியில் புதைந்துபோவேன் என்று பயந்து அடுக்கடுக்காகக் கம்பளியாடைகள் வாங்கிப் போயிருந்தேன். அவ்வாண்டு குளிர் அத்தனை கடுமையாக இல்லை. ஊரோ திருவிழாக்கோலம் பூண்டிருந்தது. அந்த ஆட்டத்தின் ஆண்டிறுதிப் பெரும்போட்டியான சூப்பர் பௌல், பிப்ரவரி 5ஆம் நாள் அந்நகரின் லூகாஸ் ஆயில் அரங்கத்தில் நடப்பதாக இருந்தது.

போட்டி நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கும் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணிக்கும். உள்ளூர் அணியான கோல்ட்ஸ் அந்தப் பருவத்தில் 16 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்று எல்லோருக்கும் கடைசியாகக் கிடந்தது. காரணம் ஒரே ஒருவர். பெய்டன் மேனிங் என்னும் அவர்களுடைய குவார்ட்டர்பேக் கழுத்தில் அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டு அந்தப் பருவம் முழுவதும் களமிறங்கவில்லை. குவார்ட்டர்பேக் என்பவர் யாரென்றால், ஒவ்வோர் ஆட்டத்துண்டின் தொடக்கத்திலும் பந்தைக் கையில் வாங்கி, எதிரிகள் தன்மேல் வந்து விழுவதற்குள், ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆளுக்கு அதை எறிகிறவர். காலால் உதைப்பது குறைவாக இருக்கும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது கிடக்கட்டும். மேனிங் 1998இல் அந்த அணிக்கு வந்தவர். ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதை அங்கிருந்தபடியே நான்கு முறை பெற்றவர். 2007 பிப்ரவரியில் கோப்பையை வென்று தந்தவர். 2007 முதல் அவ்வூரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையே அவர் பெயரில் நடக்கிறது.

பிப்ரவரி 5 அன்று ஜயண்ட்ஸ் 21-17 என்று வென்றது. அதை வெல்லவைத்த குவார்ட்டர்பேக் எலாய் மேனிங், பெய்டனின் சொந்தத் தம்பி. அண்ணனின் சொந்த அரங்கத்தில் தம்பியின் கையில் கோப்பை. தொலைக்காட்சியின் முன்னால் வெந்தயக்களி கிண்டிய கரண்டியோடு நின்றிருந்த எனக்கு அப்போதுதான் இந்த ஆட்டத்தில் முதல்முறையாகச் சுவை தட்டியது. தம்பிக்கு முடி, அண்ணனுக்கு வனம். இதைவிடத் தெரிந்த கதை நமக்கு வேறென்ன இருக்கிறது?

வனவாசம் உறுதி என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் யாரும் நம்பவில்லை.

பிப்ரவரி நடுவில் குழந்தை பிறந்தான். இரவு இரண்டு மணிக்குமேல் தூங்கமாட்டான். தங்கை அயர்ந்துவிட, நானும் அவள் கணவரும் மாறிமாறித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடப்போம். மென்பொருள் வேலை, நல்ல பிள்ளை, எதைக் கேட்டாலும் ஒரு எக்செல் அட்டவணையைத் திறந்துதான் பதில் சொல்வார். "அவ்வளவு பெரிய ஆளை ஏன் தம்பி அனுப்பணும்? முதலாளிக்குக் காசு இல்லையா?" என்று நான் கேட்ட இரவில்தான் என் பாடம் தொடங்கியது.

காசு இருக்கிறது. செலவழிக்கத்தான் அனுமதி இல்லை. 1994 முதல் அந்தப் போட்டியமைப்பில் சம்பள வரம்பு என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. ஒளிபரப்பு முதலிய வருமானங்களிலிருந்து ஆட்டக்காரர்களுக்கான பங்கைக் கணக்கிட்டு, 32 அணிகளுக்கும் ஒரே உச்சத்தொகையை விதிக்கிறார்கள். முதலாண்டில் அது 3.46 கோடி டாலர். நான் அங்கிருந்த 2012இல் 12.06 கோடி, 2025இல் 27.92 கோடி. பருவம் தொடங்கும்போது 53 பேர் கொண்ட அணியை இந்த வேலிக்குள் அடைத்தாக வேண்டும். நியூயார்க்கின் கோடீஸ்வரருக்கும் சின்ன ஊரின் உரிமையாளருக்கும் ஒரே படி, ஒரே மரக்கால். ஒருவருக்குக் கூடுதலாக அளந்தால் இன்னொருவரின் கலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இதுவரை எளிது. இதற்குமேல்தான் சூட்சுமம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது ஆட்டக்காரருக்கு ஒரு பெருந்தொகை போனஸாகக் கிடைக்கும். ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு 2 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். பணம் முழுவதும் உடனே அவர் கைக்குப் போய்விடும்; அணியின் வரம்புக் கணக்கிலோ ஆண்டுக்கு 40 லட்சமாக ஐந்தாண்டுகளுக்குப் பிரித்து எழுதப்படும். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் அவரை விடுவித்தால், எழுதப்படாமல் மீதமிருக்கும் 80 லட்சமும் ஒருசேரப் பாய்ந்துவந்து அடுத்த ஆண்டின் கணக்கில் உட்கார்ந்துவிடும். ஆள் இல்லை, அவர் பெயருக்கு எதிரே தொகை மட்டும் நிற்கும். அந்தத் தொகையால் இன்னொருவரை வாங்க முடியாது. இதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயரை அப்படியே தமிழில் சொன்னால், செத்த பணம். ஜூன் முதல் தேதிக்குப் பிறகு விடுவித்தால் இந்தச் சுமையை இரண்டு ஆண்டுகளுக்குப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் உண்டு.

ஆகவே ஒவ்வோர் ஆட்டக்காரரின் பெயருக்கு நேரேயும் இரண்டு பத்திகள். இருந்தால் எவ்வளவு? போனால் எவ்வளவு? அவருடைய அந்த ஆண்டுச் சம்பளம் பெரும்பாலும் உறுதியளிக்கப்பட்டதல்ல. விடுவித்தால் கொடுக்க வேண்டியதில்லை. அது மிச்சம். பழைய போனஸின் எச்சம் மட்டும் செலவு. இரண்டுக்குமுள்ள வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்த மனிதர் ஆபத்தில் இருக்கிறார் என்று பொருள். சிலசமயம் இது தலைகீழாகும். போனஸின் எச்சம் மிகப் பெரிதாக இருந்தால், வைத்திருப்பதைவிட அனுப்புவதற்கு அதிகம் செலவாகும். அப்போது அவர் ஆடாவிட்டாலும் அணியில் இருப்பார். வாங்கிய கடனே காவல் தெய்வமாக நிற்கும் விநோதம் அது. இன்னும் சில அணிகள், இவ்வாண்டுச் சம்பளத்தைப் போனஸாக மாற்றி வரும் ஆண்டுகளின் தலையில் தள்ளிவிடும். "நகையை மறுஅடகு வைக்கிற மாதிரி" என்றேன். "அதேதான் அக்கா, வட்டி மட்டும் கிடையாது" என்றார். குழந்தை தூங்கியிருந்தான். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

மேனிங்கின் கணக்கு இதுதான். 2011 ஜூலையில் அவர் ஐந்தாண்டுகளுக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம் செய்திருந்தார். அதன்படி 2012 மார்ச் 8ஆம் நாளுக்குள் அவருக்கு 2.8 கோடி டாலர் போனஸ் கொடுத்தால் ஒப்பந்தம் தொடரும். கொடுக்காவிட்டால் அவர் விடுதலை. கொடுத்துவிட்டு, கழுத்து தேறாமல் போனால், அந்தத் தொகையின் நிழல் மீதமிருக்கும் ஆண்டுகளின் வரம்பையெல்லாம் தின்னும். வயது 36ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபக்கம், கடைசி இடத்தில் முடித்த அணிக்கு அடுத்த பருவத்தின் கல்லூரி ஆட்டக்காரர்களில் முதலாமவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கும். அந்த ஆண்டின் முதலாமவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ லக் என்னும் குவார்ட்டர்பேக். பத்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப்பவர் என்றார்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2010இல் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறாண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. 2011இல் அமைப்புக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் ஏற்பட்ட புதிய உடன்படிக்கை, புதுமுகங்களின் ஊதியத்தை வெட்டிக் குறைத்துவிட்டது. அதனால் லக்குக்குப் பின்னர் கிடைத்தது நான்காண்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.21 கோடி. மேனிங்குக்கு ஒரே நாளில் கொடுக்க வேண்டியிருந்த போனஸைவிடக் குறைவு! "இளைஞனோட நாலு வருஷமும் பெரியவரோட ஒரு நாளும்" என்று அட்டவணையில் இரண்டு கட்டங்களுக்கு மஞ்சள் நிறம் பூசிக் காட்டினார். இளையவனை மலிவாக்கிய சட்டம் மூத்தவனை விலையுயர்ந்தவனாக்கிவிட்டது. மேனிங்கின் கை எறிந்த பந்தில் எந்த மாற்றமும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக் கட்டத்தின் எண் மாறினாலே போதுமாயிருந்தது.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தனியாக வசித்தார். ஞாயிறுதோறும் மேனிங்கின் 18ஆம் எண் பொறித்த நீலச்சட்டை அணிவார் என்று தங்கை சொன்னாள். பிள்ளை பார்க்க ஒரு போர்வையோடு வந்தவரிடம் இவர் இந்தக் கணக்கை எடுத்துரைத்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இதெல்லாம் எனக்குப் புரிகிறது, நானே முதலாளியாக இருந்தாலும் அனுப்பத்தான் செய்வேன், ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வேன் என்றுதான் தெரியவில்லை என்றார். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டு எக்செல்லில் இடம் இருக்கவில்லை.

மார்ச் 7ஆம் நாள் சொன்னார்கள். ஒரே மேடையில் உரிமையாளர் ஜிம் இர்சேயும் மேனிங்கும் வந்து நின்றார்கள். பணத்துக்காக அல்ல என்பது அன்று அழுத்திச் சொல்லப்பட்டது. அணியைப் புதிதாகக் கட்ட வேண்டிய நிலையும் வரம்பின் நெருக்கடியும் பேசப்பட்டன. இர்சேயின் குரல் உடைந்தது. மேனிங் அழுதார். அணியின் உடைமைகளைக் கவனிக்கும் ஊழியர்கள் உட்படப் பெயர் தெரியாதவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். உங்களுடைய குவார்ட்டர்பேக்காக இருந்ததை உண்மையாகவே விரும்பினேன் என்ற பொருளில் முடித்தார். நூறு கோடிகளில் புரளும் இரு ஆண்கள், ஊர்முன்னே, ஒருவரையொருவர் பிரிவதற்காக அழுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இது நாடகம்தான் என்று தங்கை சொன்னாள். இருக்கலாம். நாடகமே ஆனாலும் அதில் வந்து நிற்க வேண்டியிருந்ததே.

அடுத்த இரண்டு நாட்களில் டல்லஸ் கிளார்க், ஜோசப் அடாய், கேரி பிராக்கெட் என்று 2007 கோப்பையை வென்ற அணியின் தூண்கள் ஒவ்வொன்றாக விடுவிக்கப்பட்டன. அவர்களுக்கு இப்படியொரு மேடை இல்லை. செய்தித்தாளில் ஒரு பத்தி. அவர்களைவிடக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ஆகஸ்டு இறுதியில் 90 பேரை 53ஆகக் குறைக்கும் நாளொன்று வருகிறது. 32 அணிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,200 பேர். பயிற்சியாளர் கூப்பிடுகிறார், ஆட்டக்குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வா என்று ஓர் ஊழியர் வந்து தோளைத் தட்டுவாராம். குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னாலே புரிந்துவிடும். அந்தத் தூதருக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர், துருக்கியர். நம் எமதூதன்.

கணக்கு சரியாகத்தான் இருந்ததா என்று பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன். லக் வந்த முதல் பருவத்திலேயே கோல்ட்ஸ் 16 ஆட்டங்களில் 11ஐ வென்றது. மேனிங் 9.6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் டென்வர் பிராங்கோஸ் அணிக்குப் போனார். 2013இல் 55 டச்டவுன் எறிந்து புதிய சாதனை படைத்தார். 2016 பிப்ரவரியில் அங்கேயும் கோப்பை வென்று, அடுத்த மாதம் ஓய்வுபெற்றார். அந்த வெற்றி அணியில் டீமார்க்கஸ் வேரும் இருந்தார். ஒன்பது பருவங்கள் ஆடிய டல்லஸ் அணி, வரம்புக் கணக்கைப் பார்த்து 2014இல் விடுவித்தவர் அவர். லக்கோ, காயங்களால் நொந்து, 2019 ஆகஸ்டில் தம் 29ஆம் வயதில் ஆட்டத்தையே விட்டு விலகினார். லக்கை வைத்துக்கொண்டு கோல்ட்ஸ் கோப்பை எதையும் வெல்லவில்லை. கழுத்து உடைந்த மூத்தவர் நான்கு பருவங்கள் ஆடினார். ஆண்டுக்கணக்கில் ஆட வேண்டிய இளையவர் தளர்ந்து ஒதுங்கினார். ஆயினும் 2012 மார்ச்சில் கையிலிருந்த எண்களை மறுபடி என்னிடம் கொடுத்தால் நானும் அதே முடிவைத்தான் எடுப்பேன். அதுதான் சங்கடம்.

தங்கையின் கணவர் இப்போதும் மார்ச் வந்தால் கணக்குகள் அனுப்புவார். 2024இல் அதே டென்வர் அணி ரஸ்ஸல் வில்சன் என்பவரை விடுவித்தபோது, அவர் பெயருக்கு எதிரே நின்ற செத்த பணம் இரண்டு ஆண்டுகளுக்குமாக 8.5 கோடி டாலர். அதுவரை எந்த ஆட்டக்காரர் பொருட்டும் எந்த அணியும் அவ்வளவு சுமந்ததில்லை. அவர் பிட்ஸ்பர்குக்குப் போய் 12.1 லட்சம் என்ற அடிமட்ட ஊதியத்தில் ஆடினார். மிச்சத்தைப் பழைய அணியே கொடுத்தது. டென்வரோ ஒரு புதுமுகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பருவத்திலேயே அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட்டது. செத்த பணம் ஆளைக் கொல்வதில்லை போலிருக்கிறது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

2019 ஏப்ரலில் நான் சுயநிதிப் பிரிவின் தமிழ்த்துறைத் தலைவர். சேர்க்கை குறைந்துவிட்டது. நிருவாகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அடுத்த கல்வியாண்டில் துறையின் ஊதியத்துக்கு மொத்தம் இவ்வளவு, அதற்குள் நடத்திக்கொள்ளவும், எவரை வைத்துக்கொள்வது என்பது துறைத்தலைவரின் பொறுப்பு. வீட்டுக்குப் போய்க் கணினியைத் திறந்தேன். பெயர்களை எழுதினேன். பக்கத்தில் இரண்டு பத்திகள் போட்டேன். இருந்தால், போனால். என் கை யாரிடமிருந்து அந்தப் பழக்கத்தைக் கற்றது என்பது அப்போதுதான் உறைத்தது.

துறையில் என்னைவிட மூத்தவர் ஒருவர். பதினோராண்டு அனுபவம். யாப்பருங்கலக்காரிகையை அவரைப் போல் நடத்த ஆள் கிடையாது. நான் சேர்ந்த புதிதில், வகுப்பில் குரல் நடுங்காமல் நிற்கக் கற்றுக்கொடுத்தவர். 'நீ' என்றுதான் அழைப்பார். நான் துறைத்தலைவரான அன்றிலிருந்து 'நீங்க' ஆகிவிட்டார். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்ந்து, அவருடைய சம்பளம் புதிதாக வந்த இருவரின் சம்பளத்துக்கு அருகே வந்திருந்தது. புதியவர்கள் இருவரும் தகுதித்தேர்வு முடித்தவர்கள், குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருப்பவர்கள். ஒருவரா, இருவரா? கணக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான்தான் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு பத்திகளில் ஒன்று எங்கள் கணக்கில் வெறுமையாகவே இருந்தது. போனால்? ஒன்றுமில்லை. மே மாதச் சம்பளம்கூட நிற்கவில்லை. சுழியம். பதினோராண்டுகள் ஒருவர் அங்கே இருந்ததற்கு அடுத்த ஆண்டின் ஏட்டில் ஒரு கோடுகூட மிஞ்சவில்லை. அந்த அமெரிக்கர்களின் செத்த பணம் விடுவிக்கப்பட்டவருக்குப் புதிதாக எதையும் தருவதில்லை என்பது எனக்குத் தெரியும். பெரும்பாலும் அவர் முன்பே வாங்கிச் செலவழித்த பணம்தான் அது. ஆனாலும் அனுப்பியவர்கள், அந்தப் பெயரை அடுத்த ஆண்டும் தங்கள் ஏட்டில் எழுதியாக வேண்டும். கூட்டிக் கழிக்கும்போதெல்லாம் அந்த மனிதரைக் கடந்துதான் போக வேண்டும். எனக்கு அந்தத் தண்டனையும் இல்லை. நீக்கு என்று அழுத்தினேன். வரிசை மேலேறி மூடிக்கொண்டது.

பிறகு செய்ததுதான் இத்தனை காலமாக உறுத்துகிறது. நான் அவரிடம் சொல்லவில்லை. நிருவாகத்தின் கடிதத்தை உறையிலிட்டு அலுவலக உதவியாளரிடம் கொடுத்து அவர் வீட்டுக்கு அனுப்பினேன். அன்று கல்லூரிக்கு விடுப்பும் எடுத்தேன். மூன்றாம் நாள் நான் போனபோது என் மேசைமேல் அவருடைய அலமாரிச் சாவி இருந்தது. சிவப்பு நூல் கட்டிய சாவி. நூலகப் புத்தகங்களைத் திருப்பியதற்கான சீட்டை அதன்கீழ் மடித்து வைத்திருந்தார். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வா என்று யாரும் அவரிடம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

புறநானூற்றில் 208ஆம் பாட்டைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் கடந்து அதியமானிடம் வருகிறார். மன்னன் அவரை நேரில் காணாமலே பரிசிலை மட்டும் கொடுத்தனுப்புகிறான். புலவர் அதை ஏற்க மறுக்கிறார். தினையளவு சிறிதாக இருந்தாலும் தம்மைக் கண்டு, தகுதி அறிந்து கொடுப்பதே போதும் என்கிறார். இதைப் புலவனின் பெருமிதம் என்று தேர்வுக்கு எழுதச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கொடுப்பதையே நேரில் பாராமல் கொடுத்தால் பிழை என்றால், எடுப்பதை? மாணவி யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. நல்லவேளை.

செஞ்சோற்றுக் கடன் என்று ஒன்றை நாம் ஓயாமல் பேசுகிறோம். சோறு உண்டவன் பட்ட கடனைத்தான் அது எப்போதும் சொல்கிறது. பதினோராண்டு சமைத்துப் போட்டவருக்கு உண்டவர்கள் பட்ட கடனுக்கு ஒரு பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். என் தமிழறிவுக்கு எட்டவில்லை.

இர்சேயின் தந்தை ராபர்ட் இர்சேயைப் பற்றியும் தங்கையின் கணவர் சொல்லியிருக்கிறார். கோல்ட்ஸ் முதலில் பால்டிமோர் நகரத்தின் அணி. 1984 மார்ச்சில் ஒருநாள் இரவோடிரவாகச் சாமான்களையெல்லாம் மேஃப்ளவர் நிறுவனத்தின் லாரிகளில் ஏற்றி இண்டியானாபொலிசுக்குக் கொண்டுவந்துவிட்டார் தந்தை. பால்டிமோர் மக்கள் விடிந்தபிறகுதான் அறிந்தார்கள். மகன் பட்டப்பகலில் மேடையேறி நின்றார். மகனையும் நல்லவராகச் சித்திரிக்க நான் வரவில்லை. மறு ஆண்டே, மேனிங் காலத்தில் எண்கள் பிரமாதமாக இருந்தும் ஒரே ஒரு கோப்பைதானே கிடைத்தது என்ற தொனியில் பேட்டி கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். ஆனால் 2012 மார்ச் 7 அன்று அவர் ஒளிந்துகொள்ளவில்லை. நான் தந்தையின் கட்சி. லாரிதான் இல்லை, உறை இருந்தது.

அந்தப் பேட்டி வந்த வாரத்தில்தான், 2013 அக்டோபர் 20 அன்று, மேனிங் டென்வர் அணியோடு தம் பழைய அரங்கத்துக்குத் திரும்பிவந்தார். அதன் காணொளியைத் தங்கையின் கணவர் அனுப்பியிருந்தார். ஆட்டத்துக்குமுன் அவருடைய பழைய நாட்களைப் பெரிய திரையில் காட்டுகிறார்கள். நீலச்சட்டைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது. எதிரணி உடையில் நிற்கும் அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையுயர்த்துகிறார். பிறகு ஆட்டம் தொடங்கியது. கோல்ட்ஸ் 39-33 என்று அவரைத் தோற்கடித்தது. கூட்டத்தில் எங்கோ எதிர்வீட்டு ஆசிரியை இருக்கிறாரா என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

2022இல் பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தும் மையத்துக்குப் போயிருந்தேன். எனக்கு இரண்டு மேசைகள் தள்ளி அவர். வேறொரு கல்லூரியிலிருந்து வந்திருந்தார். முடி முழுவதும் நரைத்திருந்தது. முற்பகல் முழுதும் என் கட்டில் ஒரு தாளைக்கூட ஒழுங்காகத் திருத்தவில்லை. ஒரு விடைக்கு மதிப்பெண் போடாமலே கடந்துபோய், கண்காணிப்பாளர் திருப்பி அனுப்பினார். பதினொன்றரைக்குத் தேநீர் வந்தது. என்ன சொல்வது என்று வாக்கியங்களைக் கோத்துக்கொண்டிருந்தபோது அவரே இரண்டு காகிதக் கோப்பைகளோடு வந்து, ஒன்றை என் தாள்களின்மேல் சிந்தாமல் வைத்தார்.

"சர்க்கரை கம்மியாத்தான் போடச் சொன்னேன். ஆறிடப்போவுது, குடி."